எர்னஸ்ட் பைனரை அந்த ஒரு ஃபம்பிளோடு முடித்துவிடாதீர்கள்

ஜனவரி பிறந்து என்.எஃப்.எல். பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்கினால் போதும், கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுகிறவர்) எர்னஸ்ட் பைனர் பந்தை நழுவவிட்ட அந்தப் பழைய காட்சி எங்காவது ஓட ஆரம்பித்துவிடும். 1988 ஜனவரி 17, டென்வர் மைல் ஹை மைதானம், வென்றவர் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்குப் போகும் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு வாரமும் யாராவது ஃபம்பிள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் 'தி ஃபம்பிள்' என்றாலே இவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1984இல் பத்தாவது சுற்றில் எடுக்கப்பட்டு, 14 பருவம் ஆடி, அதன்பின் 10 வருடம் நான்கு அணிகளில் ரன்னிங் பேக் பயிற்சியாளராக இருந்த மனிதரை இரண்டு யார்டு புல்லில் புதைத்துவிட்டோம். இது அநியாயம். அதைவிட, ஆட்டத்தையே தப்பாகப் புரிந்துகொள்வது.

முதலில் அந்த ஆட்டத்தை ஒழுங்காகப் பார்ப்போம். இடைவேளையில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 21-3 என்று பின்தங்கியிருந்தது. மூன்றாவது கால்பகுதியில் பைனர் 32 யார்டு பாஸ் பிடித்து ஒரு டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு தாண்டினால் கிடைக்கும் 6 புள்ளி), 4 யார்டு ஓடி இன்னொரு டச்டவுன். ஓட்டத்தில் 67 யார்டு, கேட்சில் 120 யார்டு, மொத்தம் 187. அவர் இல்லையென்றால் கடைசி நிமிடப் பதற்றம் என்று ஒன்றே இருந்திருக்காது, ஆட்டம் எப்போதோ முடிந்திருக்கும்.

டென்வர் 38-31 என்று முன்னிலை, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம். டென்வரின் 8 யார்டு கோட்டில் இரண்டாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் இரண்டாவது), இன்னும் 5 யார்டு தேவை. அழைக்கப்பட்டது ஒரு டிராப் ஓட்டம். எதிரணி லைன்மேன் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் உள்ளே விட்டு, பக்கவாட்டிலிருந்து வரும் கார்டு (தன் அணி லைனில் நிற்கும் தடுப்பாளர்) அவரை இடித்துத் தள்ளுவதுதான் டிராப். அது அழகாகவே திறந்தது. பைனர் வெளிப்பக்கம் வெட்டினார், முன்னால் வெட்டவெளி. அங்கே ஜெரமையா காஸ்டில் என்ற டென்வரின் தற்காப்பு வீரரை (கார்னர்பேக்) அப்புறப்படுத்த வேண்டியவர் பிரவுன்ஸின் ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்) வெப்ஸ்டர் ஸ்லாட்டர். பத்துக் காலடி ஓடிக் காஸ்டிலை எண்ட் ஸோன் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) பக்கம் இழுத்துப்போய்த் தடுக்க வேண்டியவர், பாதியில் நின்று ஓட்டத்தைத் திரும்பிப் பார்த்தார் என்று பயிற்சியாளர் மார்ட்டி ஷாட்டன்ஹைமரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். காஸ்டில் ஆளைப் பிடிக்கவில்லை, நேரே பந்தைக் குறிவைத்துப் பிடுங்கினார்.

இன்னொன்றும் இருக்கிறது. பைனர் உள்ளே போயிருந்தாலும் டச்டவுனுக்குப் பின் உதைத்து எடுக்கும் ஒரு எக்ஸ்ட்ரா பாயின்டோடு சேர்த்து 38-38 தான். டென்வரின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜான் எல்வேயின் கையில் ஒரு நிமிடம் மிச்சம் இருந்திருக்கும். 'சூப்பர் பவுலைத் தொலைத்தவர்' என்று எழுதுகிறவர்கள் ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

பந்து நழுவியது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. அது எப்படி நழுவுகிறது என்று தெரிந்தால்தான் ரன்னிங் பேக் பயிற்சியாளரின் வேலை என்னவென்று புரியும். பந்து சுமார் 28 சென்டிமீட்டர் நீளம், 400 கிராமுக்குச் சற்றுக் கூடக்குறைய எடை, இரண்டு முனையும் கூர். ஐந்து இடத்தில் அது உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்: முன்முனையை மூடிய விரல்கள், உள்ளங்கை, முன்கை, முழங்கை மடிப்பு, விலா. மார்பை ஒட்டி உயரமாக இருக்க வேண்டும், இடுப்புக்கு இறங்கக் கூடாது. எங்கே கெடுகிறது என்றால், திசை மாற்றும் நொடியில். உடம்பு சாயும்போது சமநிலைக்காகக் கை தானாக வெளியே வீசும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு வெளிச்சம் தெரியும். பின்னால் வருகிறவன் அந்த இடைவெளியில்தான் குத்துவான். கோல் கோட்டுக்கு அருகில் இது இன்னும் மோசமாகும். கண் கோட்டில் இருக்கும், மனம் ஏற்கனவே உள்ளே போயிருக்கும், கை மட்டும் தளர்ந்திருக்கும். கூட்டத்துக்குள் நுழையும் முன் இரண்டாவது கையையும் பந்தின் மேல் போடு என்று பயிற்சியாளர்கள் நாள்தோறும் கத்துவது இதனால்தான்.

பந்து கைமாறும்போதும் இதே கதை. குவார்ட்டர்பேக் பக்கத்துக் கையின் முழங்கை மேலே, மார்பு உயரத்தில். மறுகை தொப்புளுக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி. ஓடுகிறவன் பந்தைப் பார்க்கவே கூடாது, கண் லைன்பேக்கர் (எதிரணி லைனுக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரர்) மேல் இருக்க வேண்டும். பந்தை வயிற்றில் வைப்பது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. அவசரப்பட்டுக் கை நீட்டிப் பிடிக்கப் போனால் பந்து முழங்கையில் இடித்துத் தரையில் கிடக்கும்.

1989இல் பிரவுன்ஸ் அவரை மைக் ஓலிஃபன்ட் என்ற இளம் ரன்னிங் பேக்குக்கு மாற்றாக வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டது. கிளீவ்லேண்ட் செய்த மகா மோசமான பேரங்களில் இதையும் சேர்த்துச் சொல்வேன். 1990இல் பைனர் 1,219 யார்டு, 1991இல் 1,048 யார்டு. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில், மினியாப்பொலிஸில், பஃபலோவுக்கு எதிராக முதல் டச்டவுனே குவார்ட்டர்பேக் மார்க் ரிப்பியன் வீசி இவர் பிடித்த 10 யார்டு பாஸ். வாஷிங்டன் 37-24 என்று வென்றது. பிறகு கிளீவ்லேண்டுக்கே திரும்பினார். அணி பால்டிமோருக்கு மூட்டை கட்டும் முன், 1995 டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் 121 யார்டு ஓடினார், ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களிடம் போய்க் கைகுலுக்கினார். ஓய்வு பெறும்போது ஓட்டத்தில் 8,261 யார்டு, 512 கேட்ச். அந்த 512ஐ நினைவில் வையுங்கள், அது வெறும் ஓட்டக்காரனின் கணக்கு இல்லை.

சில வருடம் பால்டிமோர் ரேவன்ஸ் நிர்வாகத்தில் வீரர் மேம்பாட்டுப் பொறுப்பில் இருந்துவிட்டு, 2004இல் தலைமைப் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் அழைக்க வாஷிங்டனில் ரன்னிங் பேக் பயிற்சியாளரானார். அவர் கையில் வந்தவர் கிளின்டன் போர்ட்டிஸ். டென்வரில் ஒரே வெட்டில் பக்கவாட்டு இடைவெளியைப் பிளந்து ஓடிப் பழகியவர், ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 5.5 யார்டு. கிப்ஸின் ஆட்டமுறையோ பொறுமை கேட்பது, பக்கவாட்டில் நகர்ந்து வரும் கார்டின் பின்னால் காத்திருந்து போக வேண்டியது. முதல் வருடம் சராசரி 3.8க்கு விழுந்தது. அடுத்த வருடம் 1,516 யார்டு, அந்த அணியின் அன்றைய சாதனை.

ஆனால் போர்ட்டிஸை நான் மதிப்பது அந்த எண்ணுக்காக அல்ல, குவார்ட்டர்பேக்கைக் காத்த விதத்துக்காக. டிவியில் யாரும் காட்டாத வேலை இது. லைனில் ஐந்து பேர் தடுக்கிறார்கள், எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஆறாவது ஆள் ரன்னிங் பேக்கின் தலையில். விதி, உள்ளிருந்து வெளியே பார்ப்பது. நடுவில் வருகிறவனுக்குத்தான் குவார்ட்டர்பேக்கிடம் போகத் தூரம் குறைவு, எனவே அவன் முதலில், ஓரத்தில் வருகிறவன் அப்புறம். நின்ற இடத்தில் காத்திருந்தால் 110 கிலோ லைன்பேக்கர் ஐந்து யார்டு வேகம் பிடித்து வந்து மோதுவான். அதனால் இரண்டு அடி முன்னேறி, முட்டி மடக்கி, தலை நிமிர்த்தி, இரு கையாலும் மார்பில் இடிக்க வேண்டும். தலையைக் குனிந்தால் அவன் நழுவிப் போய்விடுவான், கழுத்துக்கும் ஆபத்து. யாரும் வரவில்லையா, உடனே வெளியே ஓடிப் பாஸுக்குத் தயாராக வேண்டும். கல்லூரியில் புயலாக ஓடிய புதியவர்கள், பாஸ் அதிகம் வரும் மூன்றாவது டவுனில் பெஞ்சில் உட்காருவது பெரும்பாலும் இது வராததால்தான். 512 கேட்ச் பிடித்த ஒருவர் இதைச் சொல்லித்தரும்போது அதற்கு எடை வேறு.

2008இல் டென்னசி டைட்டன்ஸ். அதே வருடம் அந்த அணி முதல் சுற்றில் எடுத்தவர் கிறிஸ் ஜான்சன். பைனர் படித்த அதே ஈஸ்ட் கரோலைனா பல்கலைக்கழகம். 40 யார்டை 4.24 விநாடியில் ஓடியவர். இப்படிப்பட்ட வேகக்காரர்களுக்கு வேகமே எதிரி. முன்னால் தடுப்பு உருவாகும் முன்பே அங்கே போய் நின்றுவிடுவார்கள். அவுட்ஸைட் ஸோன் ஓட்டத்தில் (லைன் முழுவதும் ஒரே பக்கமாக நகர்ந்து தடுக்க, ஓரம் நோக்கி ஓடுவது) முதல் மூன்று காலடியை அடக்கமாக வைத்து, டிஃபென்ஸ் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்து, இடைவெளி தெரிந்த பிறகுதான் முழு வேகம். ஜான்சன் முதல் வருடம் 1,228 யார்டு. அதே அறையில் இருந்த பருமனான லெண்டேல் ஒயிட்டுக்கு 15 டச்டவுன். மறுவருடம் ஜான்சன் 2,006 யார்டு, ஓட்டமும் கேட்சும் சேர்த்து 2,509. அந்த மொத்தக் கணக்கை அதன்பின் வந்த நட்சத்திர ரன்னிங் பேக்குகள் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் சேக்வான் பார்க்லியும்கூடத் தொடவில்லை.

லைன் நன்றாக இருந்ததே என்பார்கள். இருந்தது, லைன் பயிற்சியாளர் மைக் மன்ச்சாக்கின் பங்கு பெரியது, மறுக்கவில்லை. அப்படியானால் ஜாக்சன்வில்லைப் பாருங்கள். 2011இல் அந்த அணி ஆடியது 16, வென்றது 5. பாஸ் ஆட்டம் படு மோசம், ஆகவே எதிரணிகள் ஓட்டத்தை அடைப்பதிலேயே குறியாக நின்றன. அந்த நிலையில் மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 1,606 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம். பயிற்சியாளர் பைனர். அடுத்த வருடம் டாம்பா பே, புதியவர் டக் மார்ட்டின், 1,454 யார்டு. அதில் ஓக்லாந்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 251 யார்டு, நான்கு டச்டவுன். வழக்கமாக ஆடும் இரண்டு கார்டுகளும் காயத்தில் வெளியே இருந்த நாள் அது. நான்கு ஊர், நான்கு ஆட்டமுறை, உடல்வாகிலும் ஒருவருக்கொருவர் ஒட்டாத ஆட்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஒருநாளும் அஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் (அணியின் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கிறவர்) ஆகவில்லை. இந்த லீகில் ரன்னிங் பேக் பயிற்சியாளர் பதவியை ஏணியின் அடிப்படியாகத்தான் பார்க்கிறார்கள், குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் இரண்டே வருடத்தில் மேலே போய்விடுகிறார். ரன்னிங் பேக் பயிற்சியாளராக இருந்த அந்தோணி லின் சார்ஜர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகி 2018இல் 12 வெற்றி, 4 தோல்வி காட்டினார், அவர் விதிவிலக்கு. கன்சாஸ் சிட்டியில் ரன்னிங் பேக் பயிற்சியாளராக இருந்து, பிறகு ஐந்து வருடம் ஒருங்கிணைப்பாளராகி இரண்டு சூப்பர் பவுல் வென்ற எரிக் பியெனிமிக்குக்கூட அந்த ஐந்து வருடத்தில் யாரும் தலைமைப் பொறுப்பைத் தரவில்லை. லைனின் தடுப்பு விதியும் தெரிந்து, பாஸ் பாதுகாப்பும் தெரிந்து, ரிசீவர் வழியும் தெரிந்திருக்க வேண்டிய இடங்களில் ஒன்று ரன்னிங் பேக். அந்த அறையிலிருந்து ஆள் எடுக்கத் தயங்குவதற்கு ஆட்டம் சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை அந்த டென்வர் காட்சி வந்தால், பைனரின் கையைப் பார்க்கும் முன் ஸ்லாட்டரின் கால்களைப் பாருங்கள். பிறகு தேடிப்பிடித்து, 2009இல் கிறிஸ் ஜான்சன் ஓடிய நீண்ட ஓட்டம் ஏதாவது ஒன்றின் முதல் மூன்று காலடியைப் பாருங்கள்.