பிரேக் லைட் எரியுதான்னு பார்க்க அரை நிமிஷம் கூடவா கிடைக்காது?

முன்னால் போகிற வண்டி நிற்கப்போகிறதா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று ஜோசியம் பார்த்துதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. டெயில் லைட் ஜம்மென்று எரியும். பிரேக் மிதித்தால் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் ஒரு விநாடி தாமதமாகச் சுதாரித்தாலே அவர் வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும். அப்புறம் "கண்ணு தெரியலையா" என்று சண்டை வேறு!

பல வண்டிகளில் ஒரே பல்பில் இரண்டு இழை: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். 21 போனாலும் 5 எரியும், அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். எல்லா பிரேக் லைட்டும் ஒரேயடியாகச் செத்தால் ஃப்யூஸ், இல்லையென்றால் பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்ச். மிதிக்கும்போது டெயில் லைட் மங்கினால் பெரும்பாலும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற இணைப்பில் கோளாறு. பல்ப் ஹோல்டரில் பச்சையாகத் துரு பூத்திருக்கிறதா பாருங்கள். கூடுதல் ஆம்பியர் ஃப்யூஸ் செருகுகிற மேதாவிகளும் உண்டு. ஃப்யூஸ் தப்பிக்கும், வயர் கருகும்.

போலீஸ் நிறுத்தினால் "தெரியாது சார்" எடுபடாது, அபராதம்தான். விபத்தாகிவிட்டால் இழப்பீட்டு வழக்கில் பின்னால் இடித்தவர் மேலேயே முழுப் பழியையும் போட்டுவிடவும் முடியாது. ராத்திரி வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோரம் நிறுத்தி ஒரு மிதி மிதித்தால் போதும், எந்தப் பக்கம் சிவப்பு விழவில்லை என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.