தாவீதுக்கும் கிடைக்கவில்லை

புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சபைகள் பலவற்றில் இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனை நடந்து, பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, எல்லாரும் கைகொடுத்து வாழ்த்திய பிறகு, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வருடத்துக்கு அதுதான் நமக்குரிய வசனம். அந்த அட்டைகளுக்குள் எல்லாரும் உள்ளூர ஆசைப்படுகிற அட்டை ஒன்று உண்டு. சங்கீதம் 37:4. "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்."

அது கையில் வந்தவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விசாவுக்குக் காத்திருக்கிற பையனுக்கு அந்த வசனம் விசா. மகளுக்கு வீடு கட்டத் தொடங்கி, லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன தகப்பனுக்கு அது கூரை. மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் தாய் தகப்பனுக்கு நித்திரை வராது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்களைப் போன்ற தம்பதிகளுக்கு அது பிள்ளை.

இந்த வசனத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். அதை எங்கள் சபைகளில் சொல்லிக் கொடுக்கிற விதம் பிழை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பிழையால் காயப்படுவது அவிசுவாசிகள் இல்லை. உபவாசம் இருந்து, கண்ணீரோடு ஜெபித்து, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிற ஆட்கள்தான் காயப்படுகிறார்கள்.

விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் உன் விசுவாசத்தில் குறை, அல்லது எங்கேயோ மறைத்து வைத்த பாவம் ஒன்று இருக்கிறது என்கிற போதனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வயதான ஒரு மாமி என் வயிற்றில் கையை வைத்து, "ஏதோ ஒரு தடை இருக்கு மனே, நல்லா யோசிச்சுப் பார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவு நான் படுக்காமல் சின்ன வயதிலிருந்து செய்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத துக்கத்தோடு, பிள்ளை இல்லாததற்குக் காரணமும் நான்தான் என்கிற பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது.

இன்னொரு போதனை கேட்க மென்மையாக இருக்கும். எனக்கு அதுதான் கூடுதல் ஆபத்தாகத் தெரிகிறது. "நீ அந்த ஆசையை விட்டுரு புள்ள. ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தில வைச்ச மாதிரி வைச்சிரு. பிறகு பார், கர்த்தர் தானாத் தருவார்." இதை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஆபிரகாமுக்கு ஈசாக்கு ஏற்கெனவே பிறந்திருந்தான். கையில் இருக்கிறதைப் பலிபீடத்தில் வைக்கலாம். ஒன்றுமே தரப்படாத ஒருத்தி எதைக் கொண்டுபோய் வைப்பாள்? அதோடு, தருவார் என்பதற்காக விடுவது விடுவதே இல்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, அப்படிச் சொன்னதற்குக் கூலியாக அது கிடைக்கும் என்று உள்ளே காத்திருப்பது இருதயங்களை ஆராய்கிறவருக்கு முன்னால் போடுகிற வேஷம். எங்கள் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் வேஷமும் சேர்ந்து பழகிவிடக் கூடாது.

வேதத்தில் கர்த்தரை நம்பினவர்கள் யாரும் இப்படி ஜெபிக்கவில்லை. அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையில்லாத பெண்களுக்கு எல்லாரும் சொல்கிற கதை, 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். அவள் சீலோவில் அழுது அழுது, உதடு மட்டும் அசைய ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் ஆசையை விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை, இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு எழும்பிப் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று 18ஆம் வசனம் சொல்கிறது. அந்த நேரத்தில் சாமுவேல் இல்லை. அவள் ஊருக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. எங்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குச் சாமுவேல் பிறக்கிற 20ஆம் வசனத்துக்கு ஓடிவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் இருக்கிற இடம் 18ஆம் வசனம். அதில் கொஞ்ச நேரம் எங்களோடு இருந்து பேசுங்கள்.

இயேசு பிடிபடுவதற்குச் சற்று முன் ஜெபித்த கெத்செமனேயும் அப்படித்தான். "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்கிற பாதியைச் சுவர்க் கலண்டரில் அடிக்கிறோம். அதற்கு முன்னால், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும் என்று இயேசு கேட்டார். எனக்கு இது வேண்டாம் என்று பிதாவிடம் வாய்திறந்து சொன்னார். மத்தேயு எழுதியபடி மூன்றுதரம் ஜெபித்தார். குமாரனே தன் விருப்பத்தை மறைக்காத இடத்தில் நாங்கள் ஏன் மறைக்க வேண்டும்?

சரி, சங்கீதம் 37க்கு வருகிறேன். அது தாவீதின் சங்கீதம். "நான் இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன்" என்று அதே சங்கீதத்தில் சொல்கிறார், அதாவது வாழ்ந்து பார்த்த ஒரு மனிதன் பேசுகிறார். அந்தச் சங்கீதம் முழுக்க என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொல்லாதவன் செழித்துக்கொண்டே போகிறான். நீதிமான் ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். எரிச்சலடையாதே, பொறாமைப்படாதே, கர்த்தருக்குக் காத்திரு என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நாங்கள் அட்டையில் அச்சடிக்கிற அந்த நாலாம் வசனம் இந்தக் காத்திருப்புக்கு நடுவில் இருக்கிறது. அதைத் தனியாக வெட்டி எடுத்து, ஒரு வருடத்துக்குள் நிறைவேற வேண்டிய உத்தரவாதமாகக் கையில் கொடுத்துவிட்டோம்.

தாவீதுக்கு வாழ்நாளில் இருந்த ஆசைகளில் பெரியது எது என்று கேட்டால், ஆலயம் கட்டுவது என்றுதான் நான் சொல்வேன். 2 சாமுவேல் ஏழாம் அதிகாரம். நான் கேதுருமர வீட்டில் இருக்கிறேன், தேவனுடைய பெட்டி திரைகளுக்குள் இருக்கிறதே என்று மனம் வருந்துகிறார். தனக்காகக் கேட்ட ஆசை இல்லை அது, தேவனுக்காகவே எழுந்த ஆசை. நாத்தான் தீர்க்கதரிசி உடனே, மனதில் உள்ளதைச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார். அன்று இரவே கர்த்தர் நாத்தானைத் திருப்பி அனுப்புகிறார். கட்டப்போவது நீ இல்லை, உன் மகன். இந்த இடம் போதகர்மார் எல்லாரும் நின்று வாசிக்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். நாத்தான் போலியான தீர்க்கதரிசி இல்லை, உண்மையானவர். ஆசை நல்லது, கேட்கிறவர் நல்லவர், ஆகவே கர்த்தர் கட்டாயம் செய்வார் என்று அவரே அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். "அடுத்த வருசம் இதே நேரம் உன் மடியில பிள்ளை இருக்கும்" என்று எத்தனை கூட்டங்களில் எத்தனை பெண்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கேட்டவள் நாளை எண்ணிக்கொண்டு இருப்பாள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணும்போது சாலொமோன் ஒரு விசயம் சொல்கிறார், 1 இராஜாக்கள் எட்டாம் அதிகாரத்தில். ஆலயம் கட்ட வேண்டும் என்கிற விருப்பம் உன் மனதில் இருந்தது நல்லதுதான் என்று கர்த்தர் தன் தகப்பனிடம் சொன்னாராம். இதை வாசித்த அன்று நான் வேதத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். நல்ல ஆசை, ஆனாலும் இல்லை. அந்த இரண்டையும் கர்த்தரே ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். கிடைக்காததால் என் ஆசை பிழை என்று ஆகாது. ஆசை நல்லது என்பதால் அது கிடைத்தே தீர வேண்டும் என்றும் ஆகாது. எனக்கு இத்தனை காலம் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

தாவீது அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 1 நாளாகமம் 22இல் இருக்கிறது. ஆணிகளுக்கு இரும்பு, நிறுத்து முடியாத வெண்கலம், கேதுருமரங்கள் என்று தன் மகன் கட்டப்போகிற ஆலயத்துக்காகச் சேர்த்துச் சேர்த்து வைத்தார். இந்த மனிதனுக்கு ஆசை செத்துப்போகவில்லை. கர்த்தரோடு கோபித்துக்கொண்டும் போகவில்லை. இல்லை என்று சொன்னவரிடமே ஆசையைக் கொடுத்துவிட்டு, தன்னால் முடிந்ததைச் செய்தார். இருதயத்தின் வேண்டுதல்களை அருள்செய்வார் என்று பாடியவர் இவர்தான். ஆகவே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற கருத்தில் அவர் அதைப் பாடியிருக்க முடியாது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார். வில்லியம் ஓல்ட். 1814இல் மெதடிஸ்த மிஷனரிகளில் ஒருவராகக் கப்பலேறி வந்தார். வரும் வழியிலேயே மனைவி இறந்துபோனார். தனியாக மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு வருடம்கூட முடியவில்லை, 1815இல் அவரும் இறந்துவிட்டார். அவர் என்னென்ன ஆசையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருப்பார்? அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இருநூறு வருடம் தாண்டி இன்றைக்கும் நடக்கிறது. பள்ளிக்கூடம் நிலைத்ததால் அவருடைய இழப்புக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மனிதனுடைய விசுவாசத்தில் குறை என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

அதிலும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது? 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் சுனாமிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றைக்கும் நம் பக்கத்து வாங்கில் இருந்து பாட்டுப் பாடுகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் பலர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தத் தாய்மாரும் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளுக்காக எத்தனை ஆசைகளைக் கர்த்தரிடம் சொல்லி வைத்திருப்பார்கள். அவர்கள் கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாகத்தான் அன்று காலை பிள்ளைகளுக்குப் புது உடுப்பு உடுத்தி அனுப்பினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு போதனையை மற்றவர்களுக்கும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த என் மச்சாள் ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடந்து போவார். சதா சகாய மாதாவின் திருத்தலம். நேர்த்தி, மாதா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு, அதைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறோம். ஆனால் ஒரு தடவை அவரிடம், கேட்டது கிடைச்சுதா மச்சாள் என்று கேட்டேன். "இல்ல. சொல்லிட்டு வந்தேன். இனி அது என்ட கையில இல்ல" என்றார். நான் கேட்ட பல பிரசங்கங்களை விட அது எனக்குத் தெளிவாக விளங்கியது.

ஆசைகள் எல்லாமே சுத்தமானவை என்றும் நான் சொல்ல வரவில்லை. இச்சைகளுக்காகச் செலவழிக்கக் கேட்கிறீர்கள், அதனால்தான் பெறவில்லை என்று யாக்கோபு நேரடியாகவே எழுதியிருக்கிறார். பிள்ளை வேண்டும் என்ற ஆசைக்குள் ஊர்வாயை மூட வேண்டும் என்ற ஆசையும் கலந்திருக்கும். கனடா போக வேண்டும் என்ற ஆசைக்குள் ஒன்றுவிட்ட அண்ணனை மிஞ்ச வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். இதெல்லாம் கர்த்தரிடம் உள்ளபடி சொல்லச் சொல்லத்தான் வெளிச்சத்துக்கு வரும். ஆசையே இல்லாத மாதிரி நடித்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்து உள்ளேயே கிடக்கும்.

நான் இப்போது பிரசங்கத் தமிழில் ஜெபிப்பதில்லை. குசினியில் வேலை முடிந்த பிறகு, வீட்டில் கதைக்கிற தமிழிலேயே சொல்கிறேன். எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கு ஆண்டவரே, அக்காவின் பேரப்பிள்ளையைத் தூக்கினால் நெஞ்சு நோகுது, உமக்கு அது தெரியும், நீர் என்ன செய்வீரோ செய்யும், என்னை விட்டுட்டு மட்டும் போயிராதையும். அவ்வளவுதான். சில நாள் அதைச் சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டுப் படுக்கிறேன். சில நாள் நித்திரை வருவதில்லை. இரண்டு நாளும் நான் அவரை நம்புகிறேன்.

போதகர்மாருக்கு ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் விசா வந்தவரும், வீடு கட்டி முடித்தவரும், பிள்ளை பிறந்தவரும் எழும்பி ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து மனதாரக் கை தட்டுகிறேன். ஆனால் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், ஆனாலும் கர்த்தரை விடாமல் அதே வாங்கில் இருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் இடமே இல்லை. அவர்களிடமும் சாட்சி இருக்கிறது. மைக்கை நீட்டும்போது, இன்னும் காத்திருக்கிறவர்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று ஒருக்கா கேளுங்கள். முதல் தடவை ஒருவரும் எழும்ப மாட்டார்கள், வெட்கப்படுவார்கள். எங்கள் சபையில் கேட்டால் நான் எழும்புவேன்.