தீபாராதனைக்கு ஒரு மோட்டார்

எங்கள் தெருக் கோயிலில் தீபாராதனை என்றாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. குருக்கள் தட்டை எடுத்ததும் யாரோ சுவிட்சைத் தட்டுகிறார்கள். மோட்டார் சுற்ற, கம்பிகள் முரசையும் மணியையும் ஜால்ராவையும் ஒரே வேகத்தில் விளாசித் தள்ளுகின்றன.

நாதஸ்வரக்காரர் இருந்தால் விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளை பார்த்து வாசிப்பார். இதற்கு விடியலும் அர்த்தஜாமமும் ஒன்றுதான். கேட்டால், 'ஆள் வைத்தால் சம்பளம் யார் கொடுப்பது?' என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெஷின் மேல் உபயதாரர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுத மட்டும் காசு வந்துவிடுகிறது!

போன வெள்ளிக்கிழமை பூஜை நடுவில் கரண்ட் போனது. அப்போதுதான் மந்திரமே காதில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொல்கிறார்: "ஒரு ஜெனரேட்டர் வாங்கிடணும் சார்."