ஐ.நா.வுக்குப் போனவர் சேலம் ராமசாமி முதலியார் அல்ல

"நம்ம சேலம் ராமசாமி முதலியார்தான் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவர், ராயபுரம் ஆஸ்பத்திரியும் அவர் பெயரில்தான் இருக்கிறது" என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். மூன்று பேரை ஒருவராக்கிவிட்ட பதிவு இது. ஊர்ப்பெருமை நல்லதுதான், ஆனால் ஆள் வேறு.

சேலம் ராமசாமி முதலியார் வழக்கறிஞர். 1852இல் பிறந்தார். 1885இல் இந்தியர் குறைகளை இங்கிலாந்து வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்லக் கப்பலேறிய மூவரில் சென்னை மாகாணத்தின் ஆள் இவர். வங்காளத்திலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து சந்தாவர்க்கர். சேலத்துக்காரர்கள் பெருமைப்பட இதுவே போதும், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1892இல் காலமாகிவிட்டார். ஐ.நா. தோன்றியதோ 1945இல்.

1946இல் அந்த மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். 1887இல் கர்னூலில் பிறந்தவர், நீதிக்கட்சிக்காரர், மைசூரின் கடைசி திவான். மருத்துவர் லட்சுமணசாமி முதலியார் இவருடைய இரட்டைச் சகோதரர்.

ராயபுரம் மருத்துவமனை சவளை ராமசாமி முதலியார் பெயரில் உள்ளது. வணிகர், 1840–1911. சென்ட்ரல் எதிரே உள்ள சத்திரமும் இவருடையதே.

குழப்பம் வருவது தலைப்பெழுத்தால். சேலத்துக்கும் சவளைக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'எஸ்'. பழைய ஆவணத்தில் 'எஸ். ராமசாமி முதலியார்' என்று கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள்: 1892க்குப் பிந்தைய நிகழ்வு என்றால் சேலத்தவராக இருக்க முடியாது. அதற்கு முந்தையது என்றால் தொழிலைப் பாருங்கள்: வழக்கறிஞரா, வணிகரா? 'ராஜா சர்' என்ற பட்டம் ஒட்டியிருந்தால் சவளையார். 'சர்' மட்டும் போதாது, அது ஆற்காட்டாருக்கும் உண்டு.

பதிவைத் திருத்திவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை அப்படியே கட்டுரையில் எழுதிவிடுவார்கள்.