டென்மார்க் சம்பளம்: சட்டமா, ஒப்பந்தமா?

பயணக் குறிப்பை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு திருத்தம். டென்மார்க்கில் அரசு உயர்ந்த குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாகவே வைத்திருப்பதால்தான் பர்கர் கடை ஊழியருக்கும் நல்ல சம்பளம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே பலரும் அதையே பகிர்கிறார்கள். சம்பளம் நல்ல சம்பளம்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் அங்கே நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. ஸ்வீடனிலும் இல்லை. நார்வேயில் கட்டுமானம், துப்புரவு போன்ற சில துறைகளுக்கு மட்டும் கட்டாய அளவு உண்டு.

பிறகு யார் நிர்ணயிக்கிறார்கள்? தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தங்கள்தான். 1981இல் டென்மார்க்குக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் முதலில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் துறைமுகத் தொழிலாளர்கள் அதன் சரக்கை இறக்க மறுத்தார்கள், அச்சகத் தொழிலாளர்களும் கைவிரித்தார்கள். 1989இல் நிறுவனம் வழிக்கு வந்தது. இதில் எந்தச் சட்டமும் வரவில்லை, பாருங்கள்.

சரிபார்ப்பது சுலபம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அமைப்பான யூரோஸ்டாட் தளத்தில் குறைந்தபட்ச ஊதியப் பக்கத்தைத் திறங்கள். சட்டப்படியான தேசிய அளவு இல்லாத 5 உறுப்பு நாடுகளாக டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகியவற்றை அங்கேயே குறிப்பிட்டிருப்பார்கள். முடிந்தால் பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.