வெளியாட்கள்

நம் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில், மொட்டை மாடியைப் பற்றி ஒட்டிய அந்த அறிவிப்பைத்தான் ஏற்கெனவே எல்லாரும் பார்த்துவிட்டீர்களே. நானும் அதோடு விட்டிருப்பேன். நேற்று ராத்திரி அதை ஒட்டியவர்கள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "பொதுவாத்தான் மேடம் போட்டோம், உங்களைச் சொல்லலை" என்று விளக்கம் வேறு கொடுத்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்தப் பதிவு. சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் இருந்தது நாங்கள் ஒன்பது பேர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அறிவிப்பு. பொதுவாகத்தான். சரி.

"வெளியாட்கள் மொட்டை மாடியில் கூடுவதற்கு அனுமதி இல்லை." நேரத்தைச் சொல்லியிருக்கலாம், சத்தத்தைச் சொல்லியிருக்கலாம். வெளியாட்களாம். என் சித்தி வெளியாள். மதினி வெளியாள். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது, அவளும் வெளியாள்.

பள்ளிக்கூடம் லீவு. கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள். கத்திரி வெயிலில் மெட்ராஸுக்கு யாராவது வருவார்களா என்று கேட்கக் கூடாது. லீவு அப்போதுதானே விடுகிறார்கள். அன்றைக்குக் கடல்காற்று உள்ளே வர நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மேற்குக் காற்று பலமாக அடித்தால் இந்த ஊரில் அப்படித்தான், பகல் முழுக்க அடுப்பங்கரை. சாயங்காலம் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, கலங்கரை விளக்கத்தில் இறங்கி, மெரினா மணலில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். சித்தி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலையில் நின்றாள், புடவை முழங்கால் வரை நனைந்தது. வீட்டுக்கு வந்தால் சுவரெல்லாம் கொதிக்கிறது. இருப்பது இரண்டு படுக்கையறை, அதில் ஒன்றில்தான் ஏசி. ஒன்பது பேரை எங்கே வைப்பேன்? மாடிக்குப் போனோம். தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து, ஆவி அடங்கியதும் பாய் விரித்து, தயிர்சாதம், மாவடு. சித்தி உருட்டிக் கொடுக்கக் கொடுக்கக் கையை நீட்டி வாங்கிச் சாப்பிட்டோம். நடந்த அராஜகம் இவ்வளவுதான்.

இப்போது வருவீர்கள். தண்ணீர் வீணாகிறதே? அய்யா, அது ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீர், நாள் முழுக்கப் பிடித்து வைத்தது. 2019இல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவள் நான். எனக்குத் தண்ணீர்ப் பாடம் வேண்டாம். பிள்ளைகள் பாதுகாப்பு? கைப்பிடிச் சுவர் என் நெஞ்சு உயரம். சத்தம்? ஆமாம், பிள்ளைகள் ஓடினார்கள், மேல்தளத்து வீட்டில் தடதடவென்று கேட்டிருக்கும், அது தப்புதான். காலிங் பெல்லை அழுத்தி "பிள்ளைங்க ஓடுறாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அதட்டி உட்கார வைத்திருப்பேன். புத்தாண்டு ராத்திரி ஒரு மணி வரை அதே மாடியில் ஸ்பீக்கர் அலறியதே, அன்றைக்கு எந்த அறிவிப்பும் காணோம். ஓ, அவர்கள் உள்ளாட்கள்.

இன்னொன்று. சித்தி கொண்டுவந்த கடலைமிட்டாயை வெள்ளிக்கிழமையே எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். "கோவில்பட்டி ஒரிஜினலா!" என்று வாங்கிக்கொண்டார்கள். கடலைமிட்டாய் உள்ளே வரலாம், கொண்டுவந்தவள் மாடி ஏறக் கூடாது.

இந்த ஊருக்கு நான் வந்தது 2003 மே. அந்த மாதக் கடைசியில் 45 டிகிரி போனதே, ஞாபகம் இருப்பவர்கள் சொல்லுங்கள். சைதாப்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் கடைசி அறை. யாரையும் தெரியாது. கரண்ட் போன ராத்திரி வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். "உள்ள குந்திக்கினு இன்னா பண்ற கண்ணு, மேல வா." மேலே போனால் ஆறு குடித்தனமும் அங்கேதான் இருக்கிறது. யாரோ நுங்கு சீவுகிறார்கள், யாரோ விசிறுகிறார்கள். எனக்கும் ஒரு தலையணை போட்டார்கள். அன்றைக்கு நான்தான் வெளியாள். வந்து பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை.

"அது அந்தக் காலம், இது அபார்ட்மெண்ட்" என்பீர்கள். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணத்தில் மொட்டை மாடிக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறேன்? துணி காயப் போட மட்டுமா? சரி, காசை விடுங்கள், காசுக்காக இதை எழுதவில்லை.

அப்பா இருந்தவரை இந்த வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை கிளம்பும்போது, "நாலு நாளா லிஃப்ட்ல பார்க்கிறவங்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கேன், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்காங்க" என்றார். நான் சிரித்து, "சிட்டி அப்படித்தான்ப்பா" என்றேன். அப்புறம் கூப்பிடும்போதெல்லாம் முழங்கால் வலி என்றார். அந்த முழங்காலோடுதான் தினமும் கதிரேசன் மலைக்கு நடந்துபோய் வந்திருக்கிறார் என்று அம்மா பிறகு சொன்னாள். இதையெல்லாம் எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மாடியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஞாயிறு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். பெட்டிகளோடு லிஃப்ட்டில் இறங்கும்போது அண்ணன் மகன் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தான். "வெ-ளி-யாட்-கள்னா யாரு அத்தை?" நான் அலைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றேன். யாரும் பேசவில்லை. எழும்பூரில் வண்டி ஏறிய பிறகு, ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சித்தி கேட்டாள்: "ஏட்டி, எங்களால ஒனக்கு அங்க ஏதும் சங்கடமா?"

"சே, அது யாரோ கொசுமருந்து அடிக்க வர்றவங்களைப் பத்திப் போட்டது சித்தி" என்றேன்.

சித்தி தலையாட்டினாள். நம்பவில்லை.

பாய் இன்னும் மாடியில்தான் கிடக்கிறது. இன்று காலை வாட்ச்மேன் வந்து, "எடுத்துடச் சொன்னாங்கம்மா" என்றார். அவரையும் சங்கடப்படுத்த எனக்கு மனசில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. சனிக்கிழமை வரட்டும், இரண்டு வாளி தெளித்துவிட்டு நான் ஒருத்தியாவது போய் அதில் உட்காருவேன்.