அந்த ஸ்க்ரூவைத் திருகச் சொல்கிறவர்களுக்கு

என்னிடம் ஒரு பழைய எம்35ஏ2 ராணுவ லாரி இருக்கிறது, நெடுஞ்சாலையில் கொஞ்சம் திணறுகிறது என்று வாயைத் திறந்தால் போதும். எங்கிருந்தோ ஒருவர் வந்து சொல்வார்: “டீசல் பம்ப்ல ஒரு ஸ்க்ரூ இருக்கு பாருங்க, அதை ஒரு சுற்று திருகி விடுங்க, டீசல் கூடுதலாப் போகும், வண்டி பறக்கும்.” வெப்பநிலை பற்றிக் கேட்பதில்லை. பிரேக் எப்படி என்று கேட்பதில்லை. எத்தனை நல்ல இன்ஜின்கள் இந்த ஒரு வரியால் செத்திருக்கின்றன! சொல்லிவிட்டுப் போகிறவர் கையில் ஒரு பொட்டு எண்ணெய் படுவதில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் உடைந்து வெளியே வந்தபின் இன்ஜின் பிளாக்கில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பது வண்டிக்காரன்தான்.

இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதையாவது யோசிக்க வேண்டாமா? அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் ஆறு சக்கர லாரி வகை இது. அடிப்படை வடிவம் 1950 வாக்கில் வந்தது. இரண்டரை டன் என்பது சாலை இல்லாத நிலத்தில் ஏற்ற வேண்டிய சுமை. சேற்றிலும் மணலிலும் ஆறு சக்கரமும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் அதற்கு இட்ட வேலை. வெறும் வண்டியே ஏறக்குறைய ஆறு டன். பலவகை எரிபொருளில் ஓடும் 7.8 லிட்டர் மல்டிஃப்யூயல் இன்ஜின், அதன் சக்தி சுமார் 140 குதிரைத்திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு 56 மைல், அதாவது 90 கிலோமீட்டர். பக்கத்தில் எல்லோரும் 70, 75 மைலில் போகிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக இந்த இன்ஜினைத் திட்டி என்ன பயன்?

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருக்கிறதே, அதில் இன்னும் பிழிந்து எடுக்கலாமே என்பது அடுத்த வாதம். இந்த வண்டியின் எல்டிடி-465 இன்ஜினில் டர்போவை வைத்ததே முக்கியமாகக் கரும்புகையைக் குறைக்கத்தான். டர்போ இல்லாத 465-உம் ஏறக்குறைய இதே சக்திதான் தந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுப்பது கவர்னர். அது 2600 ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு 2600 சுற்றுக்கு மேல் விடாது. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினை விட வேகமாகச் சுழற்றும் கியர், விகிதம் சுமார் 0.79. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் கியர் விகிதம் 6.72. டயர் 9.00-20. இந்த நாலையும் பெருக்கி வகுத்தால் வருவது 56, 57 மைல். இதில் டீசல் எங்கே வருகிறது? சமதளத்தில் வண்டி ஏற்கனவே கவர்னரைத் தொட்டு ஓடுகிறதென்றால், பம்ப்பில் எவ்வளவு டீசலைக் கூட்டினாலும் ஒரு மைல் கூட ஏறாது! மேட்டில் இழுவை கூடும், அவ்வளவுதான். இழுவை வேறு, வேகம் வேறு. இந்த எளிய வித்தியாசம் தெரியாதவர்கள்தான் ஸ்க்ரூவைத் திருகச் சொல்கிறார்கள்.

சரி, இழுவைதான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். டீசல் இன்ஜினில் எரிபொருளைக் கூட்டினால் வெப்பம் கூடும். பெட்ரோல் வண்டியில் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடினால் சூடு தணியும், அந்தப் பழக்கத்தில் பலர் இங்கேயும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தலைகீழ். முழு ஆக்சிலேட்டரில் ஒரு நீண்ட மேட்டில் ஏறும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது 650 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது இந்த வண்டியை வைத்திருப்பவர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் எல்லை. தாண்டினால் பிஸ்டன் உருகும், இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். இதைக் காட்டும் பைரோமீட்டர் ராணுவத்திலிருந்து வரும் வண்டியில் கிடையாது. நாமே பொருத்த வேண்டும். அது இல்லாமல் டீசலைக் கூட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல.

என் வண்டியே இதற்குச் சாட்சி. விற்றவர் “நல்ல பிக்கப்” என்று பெருமையாகச் சொன்னார். பம்ப்பைப் பார்த்தால் செட்டிங்கை யாரும் மாற்றாமல் இருக்கக் கட்டிய சீல் கம்பி அறுந்து கிடக்கிறது, செட்டிங் கண்டபடி ஏற்றி வைத்திருக்கிறது, பைரோமீட்டரும் இல்லை. கொஞ்ச நாளில் ஹெட் கேஸ்கட் போனது. அவருக்கும் யாரோ ஒருவர் “திருகி விடு” என்று சொல்லியிருப்பார். செலவு மட்டும் என் தலையில்.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் கவர்னரையே ஏற்றச் சொல்கிறார்கள். 2600-ஐ 3000 ஆக்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் இருமடிக்கு ஏறும். 3000-இல் அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். பல பத்தாண்டு பழைய ராட், பழைய போல்ட், பழைய பேரிங். அதன் மேல் இந்தச் சுமையா?

எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான்: இருக்க வேண்டிய சக்தி முழுக்க வருகிறதா என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பம்ப் லீவர் கடைசி வரை போகிறதா? இரண்டையும் இணைக்கும் லிங்கேஜ் தேய்ந்து பாதி தூரத்திலேயே நின்றுவிடும் வண்டிகள் எத்தனையோ. டீசல் ஃபில்டர்கள் அடைத்திருக்கலாம். டேங்குக்குள் இருந்து டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப் செத்திருக்கலாம், அது செத்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சக்தி மட்டும் இருக்காது. ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று ஓட்டி நிறுத்தியதும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். இதையெல்லாம் சொன்னால் கேட்க ஆளில்லை, ஸ்க்ரூ என்றால் எல்லோரும் காது கொடுக்கிறார்கள்.

உண்மையிலேயே வேகம் வேண்டுமா, டயரை மாற்றுங்கள். 11.00ஆர்20 போட்டால் அதே ஆர்பிஎம்மில் சுமார் ஆறு சதவீதம் கூடும், 60 மைல் பக்கம் போகலாம். பழைய ராணுவ டயரின் இரைச்சலும் ஆட்டமும் குறையும். ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், பிக்கப் அந்த அளவு மந்தமாகும், பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். இதையெல்லாம் சொல்லிவிட்டு டயரை மாற்றச் சொன்னால் அதில் தவறில்லை.

ஆனால் அந்த பிரேக்! அதைப் பற்றித்தான் யாரும் மூச்சே விடுவதில்லை. காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் டிரம் பிரேக், ஏ2-வில் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சர்க்யூட். ஒரு பிரேக் ட்யூப் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. 55 மைலிலிருந்து 70-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஆறு டன் இரும்பு, முன்னால் ஒரு குடும்பம் போகும் சின்ன கார். இதை நினைக்காமல் எப்படி ஒருவருக்கு வேகம் பற்றி யோசனை சொல்ல மனம் வருகிறது?

ராணுவமே என்ன செய்தது பாருங்கள். எம்939 ஐந்து டன் லாரிகள் ஈரச் சாலையில் பிரேக் போட்டதும் சக்கரம் பூட்டிச் சறுக்கிக் கவிழ்ந்தபோது, 1990களின் பிற்பகுதியில் வேகத்தை 40 மைலுக்குக் குறைத்தார்கள், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்த ஏற்பாடு செய்தார்கள். இரண்டரை டன் லாரியை ஏ3 ஆக மேம்படுத்தியபோதும் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. கேட்டர்பில்லர் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பெரிய ரேடியல் டயர், பவர் ஸ்டீயரிங் என்று எல்லாம் சேர்ந்தே வந்தது.

நான் பம்ப்பைப் புத்தகத்தில் உள்ள அளவுக்கே திரும்ப வைத்துவிட்டேன். பைரோமீட்டர் பொருத்தினேன், பிரேக் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டேன். 55 மைலில், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓர லேனில் போகிறேன், இனியும் அப்படித்தான் போவேன். பின்னால் வருகிறவருக்கு இடது பக்கம் முழு லேன் இருக்கிறது. ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தாண்டிப் போகட்டும்.